முன்பின் தெரியாதவர் காரில் ஏறலாமா?

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நீங்கள் தனியாகப் போவீர்களா? மாட்டீர்கள்.

உங்கள் மகளை அனுப்புவீர்களா? ஒருக்காலும் மாட்டீர்கள்!

ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. அவர் எந்தத் தெருவில் திருப்புகிறாரோ, அந்தத் தெருவில் நாமும் போகிறோம். அர்த்த ராத்திரியிலும் போகிறோம்.

எந்தத் தைரியத்தில்?

"இவரை நாங்கள் விசாரித்துவிட்டோம். நம்பி ஏறலாம்" என்று யாரோ ஒருவர் நமக்காகச் சொல்லியிருக்கிறார் என்ற தைரியத்தில்தான். அப்படிச் சொல்லுகிற சீட்டுக்குப் பெயர்தான் லைசென்சு.

இங்கிலாந்து நாட்டில் அந்தச் சீட்டைக் கொடுப்பது யார் தெரியுமா? போலீசு அல்ல. மந்திரியும் அல்ல. உள்ளூர் நகரசபைதான்! குப்பை அள்ளுகிற நகரசபை, பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நகரசபை, அதுவேதான் டாக்சிக்காரரையும் எடைபோட்டுப் பார்க்கிறது. இப்படி லைசென்சு கொடுக்கும் சபைகள் இங்கிலாந்தில் 260-க்கும் அதிகம். லண்டனில் மட்டும் இந்த வேலையை லண்டன் போக்குவரத்துக் கழகம் செய்கிறது. இங்கிலாந்து முழுவதும் லைசென்சு பெற்ற டாக்சிகளும் வாடகைக் கார்களும் 3 லட்சத்துக்கு மேல்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? எங்கே ஓட்டை விழுந்தது? அந்த ஓட்டை வழியாக என்ன கொடுமை நுழைந்தது? கேளுங்கள்.

குதிரை வண்டிக் காலம்

கதை குதிரை வண்டியில் தொடங்குகிறது.

லண்டன் தெருக்களில் வாடகைக் குதிரை வண்டிகள் பெருகிவிட்டன. தெருவே அடைத்துக்கொண்டது. 1654-ம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டார்கள். வண்டிக்காரர்கள் 200 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. வண்டிகள் 300-க்கு மேல் கூடாது. குதிரைகள் 600-க்கு மேல் கூடாது. இதுதான் சட்டம்!

1662-ம் ஆண்டில் இதை மாற்றினார்கள். 400 வண்டிகளுக்கு லைசென்சு கொடுத்தார்கள்.

லண்டனுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு 1847-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வாடகை வண்டிக்கு யார் லைசென்சு கொடுப்பது, வண்டிக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொன்னது. அப்போது மோட்டார் காரே பிறக்கவில்லை. ஆனாலும் அந்தக் குதிரை வண்டிச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இன்றும் லண்டனுக்கு வெளியே டாக்சிக்கு லைசென்சு கொடுக்கிறார்கள்! வேடிக்கையாக இல்லையா?

குடித்துவிட்டு ஓட்டியவர்

1897-ம் ஆண்டில் லண்டனில் வாடகை மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது. அது பெட்ரோல் வண்டி அல்ல. மின்சார வண்டி! இப்போது "புதுமை, புதுமை" என்கிறோமே, அந்த மின்சாரக் கார் அன்றே வாடகைக்கு ஓடியது.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம், அந்த வண்டியின் டிரைவர் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டினார். ஒரு கட்டிடத்தில் கொண்டுபோய் மோதினார். கோர்ட்டில் 25 ஷில்லிங் அபராதம் போட்டார்கள். குடித்துவிட்டு மோட்டார் ஓட்டியதற்காக அந்த நாட்டில் தண்டனை அடைந்த முதல் ஆசாமி அவர்தான்!

1907-ம் ஆண்டில் லண்டன் வாடகைக் கார்களில் மீட்டர் கட்டாயம் ஆனது. அந்த மீட்டருக்கு "டாக்சிமீட்டர்" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் "டாக்சி" என்ற சொல். இன்று அந்தச் சொல் உலகம் முழுவதும் ஓடுகிறது.

25 ஆயிரம் தெருக்கள்

லண்டன் கறுப்பு டாக்சி டிரைவர் ஆவது லேசுப்பட்ட காரியம் அல்ல. 1865-ம் ஆண்டு முதல் அங்கே ஒரு பரீட்சை நடக்கிறது. சேரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி 6 மைல் தூரத்துக்குள் சுமார் 25 ஆயிரம் தெருக்கள் இருக்கின்றன. அத்தனையும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும்! எந்தத் தெருவில் எந்த ஓட்டல், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தியேட்டர் என்பதும் தெரிய வேண்டும். பாஸ் செய்வதற்கு 3, 4 ஆண்டுகள் ஆகும்.

இந்த டிரைவர்களின் மூளையை லண்டன் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இடங்களை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் பகுதி ஒன்று மூளையில் உண்டு. அந்தப் பகுதியின் பின்புறம், மற்றவர்களைவிட டாக்சி டிரைவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இது.

இரண்டு வகை வண்டிகள்

அங்கே வாடகை வண்டிகள் இரண்டு வகை.

ஒன்று, டாக்சி. அதைத் தெருவில் கை காட்டி நிறுத்தலாம். டாக்சி ஸ்டாண்டில் போய் ஏறலாம்.

இன்னொன்று, தனி வாடகைக் கார். மக்கள் பேச்சில் "மினிகேப்". அதைத் தெருவில் கை காட்டி நிறுத்தக்கூடாது. முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி வைத்துத்தான் ஏற வேண்டும். செல்போனில் தட்டிக் கூப்பிடுகிறோமே, அந்தக் கார்களும் இந்த வகைதான்.

லண்டனுக்கு வெளியே தனி வாடகைக் கார்களுக்காக 1976-ம் ஆண்டில் சட்டம் வந்தது. லண்டனில் 1998-ம் ஆண்டில்தான் வந்தது. அதன்படி மூன்று லைசென்சுகள் வேண்டும். டிரைவருக்கு ஒன்று. காருக்கு ஒன்று. கம்பெனிக்கு ஒன்று. மூன்றையும் ஒரே சபைதான் கொடுத்திருக்க வேண்டும். வேறு வேறு ஊரில் வாங்கி ஒட்டுப்போட முடியாது.

கார் ஓட்டும் லைசென்சு கையில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த லைசென்சு, "இவருக்குக் கார் ஓட்டத் தெரியும்" என்று சொல்லும். நகரசபை லைசென்சு, "இவரை நம்பிப் பின் சீட்டில் உட்காரலாம்" என்று சொல்லும். இரண்டும் வேறு.

இவற்றை எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஒவ்வொரு சபையும் ஒரு கொள்கை எழுதி வைத்துக்கொள்கிறது. கார் எத்தனை வயது வரை ஓடலாம், என்ன பரீட்சை வைக்க வேண்டும், யாரைச் சேர்க்கக்கூடாது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் கொள்கையைக் காட்டி, ஒருவர் சொல்வதைக் கேட்காமலே கதவை அடைத்துவிடக்கூடாது. ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

டாக்சிக் கட்டணத்தையும் சபை நிர்ணயிக்கலாம். தனி வாடகைக் காருக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. டாக்சிகளுக்கு "இத்தனைதான்" என்று எண்ணிக்கை வைக்க வேண்டுமானால், "எங்கள் ஊரில் டாக்சித் தட்டுப்பாடு இல்லை" என்று சபைக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இது 1985-ம் ஆண்டுச் சட்டம். தனி வாடகைக் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது.

ஓர் ஊரின் கண்ணீர்

இவ்வளவு சட்டம் இருந்தும் ஓர் ஊர் தூங்கிவிட்டது. அதன் பெயர் ராதர்ஹாம்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள தொழில் நகரம் அது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த ஊரைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கை வெளிவந்தது. விசாரித்தவர் பேராசிரியை அலெக்சிஸ் ஜே. அறிக்கையைப் படித்தவர்கள் திடுக்கிட்டுப்போனார்கள்.

1997-ம் ஆண்டு முதல் 2013-ம் ஆண்டு வரை, குறைத்துக் கணக்கிட்டாலும் 1,400 சிறுவர், சிறுமிகள் அந்த ஊரில் கயவர்களால் சீரழிக்கப்பட்டிருந்தார்கள். இதில் டாக்சிகளுக்கு முக்கிய பங்கு இருந்தது என்று அறிக்கை சொன்னது. பள்ளிக்கூட வாசலிலும், குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லங்களின் வாசலிலும் டாக்சிகள் வந்து நின்றன. குழந்தைகள் அவற்றில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் சொல்லவில்லையா? சொன்னார்கள். பலர் அவர்களை நம்பவில்லை.

அடுத்து 2015-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இன்னோர் அறிக்கை வந்தது. எழுதியவர் லூயிஸ் கேசி. நகரசபையின் டாக்சி லைசென்சு இலாகா, பொதுமக்களின் பாதுகாப்பை முதலில் வைக்கவில்லை என்று அவர் குற்றம்சாட்டினார். நகரசபையின் நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது. அரசாங்கம் கமிஷனர்களை அனுப்பி, நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

அதே 2015-ம் ஆண்டில் ராதர்ஹாமில் புதிய லைசென்சுக் கொள்கை வந்தது. ஒவ்வொரு டாக்சிக்குள்ளும் காமிரா வைக்க வேண்டும் என்றார்கள். குழந்தைகளையும் ஆதரவற்றவர்களையும் காப்பது எப்படி என்று டிரைவர்கள் பயிற்சி பெற வேண்டும் என்றார்கள்.

பல டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். "யாரோ செய்த பாவத்துக்கு எங்களைச் சந்தேகிப்பதா?" என்று வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் காமிரா பயணியை மட்டும் காப்பது அல்ல. குடித்துவிட்டு ஏறி அடிக்க வருகிறவனிடமிருந்தும், பொய்ப் புகார் கொடுக்கிறவனிடமிருந்தும் டிரைவரையும் அது காக்கிறது.

ஒரே ஒரு கேள்வி

2020-ம் ஆண்டு ஜூலை மாதம், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான விதிகளை அரசாங்கம் வெளியிட்டது. அதில் ஒரு கேள்வி இருக்கிறது. லைசென்சு கொடுக்கும் அதிகாரி தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

உங்களுக்கு வேண்டிய ஒருவர், பகலோ இரவோ, எந்த நிலையில் இருந்தாலும், இந்த டிரைவரோடு காரில் தனியாகப் போக நீங்கள் சம்மதிப்பீர்களா?

சம்மதிப்பேன் என்றால் லைசென்சு. தயக்கமாக இருக்கிறது என்றால் லைசென்சு இல்லை!

கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குப் போகும். இங்கே அப்படி அல்ல. பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தால் லைசென்சு கொடுக்கக்கூடாது. சந்தேகத்தின் பலன் பயணிக்கு!

தப்புச் செய்தவர்களுக்கு எத்தனை காலம் தடை என்பதற்கும் கணக்கு உண்டு. பெண்களிடமோ குழந்தைகளிடமோ தகாத குற்றம் செய்தவருக்கு ஒருபோதும் லைசென்சு கிடையாது. உயிர்ச்சேதத்துக்குக் காரணமானவருக்கும் கிடையாது. அடிதடிக் குற்றத்தில் தண்டனை அடைந்தவர், தண்டனை முடிந்து குறைந்தது 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏமாற்று, மோசடிக்கு 7 ஆண்டுகள். குடித்துவிட்டு ஓட்டினால் 7 ஆண்டுகள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டி மாட்டிக்கொண்டால் 5 ஆண்டுகள்!

அன்று மின்சார வண்டிக்காரர் 25 ஷில்லிங்கோடு தப்பினார். இன்றாக இருந்தால் 7 ஆண்டுகள் ஸ்டீயரிங் பக்கமே போக முடியாது.

லைசென்சு கொடுத்த பிறகும் விடுவதில்லை. 6 மாதத்துக்கு ஒரு முறை போலீசு ரிக்கார்டுகளைப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

வேலியில் ஓட்டை

ஒரு நகரசபை லைசென்சைப் பறித்தது. டிரைவர் சும்மா இருந்தாரா? பக்கத்து ஊருக்குப் போனார். பழைய கதையைச் சொல்லாமல் புது லைசென்சு வாங்கினார். இப்படியும் நடந்தது.

இதைத் தடுக்க 2022-ம் ஆண்டில் சட்டம் வந்தது. யாருக்கெல்லாம் லைசென்சு மறுக்கப்பட்டது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு வைத்திருக்கிறார்கள். லைசென்சு கொடுக்குமுன் அதைப் புரட்டிப் பார்த்தே ஆக வேண்டும். வேறு ஊர் லைசென்சு வைத்திருக்கும் டிரைவர் தங்கள் ஊரில் தப்புச் செய்தது தெரிந்தால், லைசென்சு கொடுத்த சபைக்கு 10 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அந்தச் சபை 20 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் இன்னொரு ஓட்டை இருக்கிறது.

ஓர் ஊரில் லைசென்சு வாங்கிவிட்டு, வேறு ஊரில் தொழில் செய்யலாமா? தனி வாடகைக் காரைப் பொறுத்தவரை செய்யலாம் என்கிறது சட்டம். ஒரு கம்பெனி தனக்கு வந்த சவாரியை வேறு ஊர்க் கம்பெனிக்குத் தள்ளிவிடவும் 2015-ம் ஆண்டில் அனுமதி கிடைத்தது.

விளைவு? எந்த ஊரில் லைசென்சு சீக்கிரம் கிடைக்கிறதோ, எங்கே கட்டணம் குறைவோ, அந்த ஊருக்கு டிரைவர்கள் படை எடுத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டன் என்ற நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அந்த நகரசபை கொடுத்த லைசென்சோடு பல்லாயிரம் பேர் வேறு ஊர்களில் ஓட்டுகிறார்கள். "நாங்கள் நன்றாகச் சோதித்துத்தான் கொடுக்கிறோம். வெளியூர்க்காரர் என்பதற்காக மறுக்கச் சட்டத்தில் இடம் இல்லை" என்பது அந்தச் சபையின் வாதம்.

இது முன்பும் நடந்த கூத்துத்தான். வடக்கு எல்லையில் பெர்விக் என்ற சின்ன ஊர். அந்த ஊர் லைசென்சு வாங்கிய டாக்சிகள் நியூகாசில் நகரில் ஓடிக்கொண்டிருந்தன. நியூகாசில் சபை ஐகோர்ட்டுக்குப் போனது. "உள்ளூரில் ஓட்டும் எண்ணம் இல்லாதவருக்கு டாக்சி லைசென்சை மறுக்கலாம்" என்று 2008-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. ஆனால் அது டாக்சிக்குச் சொன்ன தீர்ப்பு. தனி வாடகைக் கார் கதை அப்படியே நின்றது.

இதனால் என்ன கெடுதி? காவல்காரர் ஓர் ஊரில், திருட்டு வேறோர் ஊரில் என்றால் எப்படிக் காவல் காப்பது? உள்ளூர் அதிகாரி அந்தக் காரை நிறுத்தினாலும், லைசென்சில் கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் லூயிஸ் கேசி இன்னோர் அறிக்கை கொடுத்தார். "வெளியூர் டாக்சி முறைக்கு உடனே முடிவு கட்டுங்கள்" என்று அதில் சொன்னார். அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

பெயர் ஒருவர், ஆள் ஒருவர்!

லண்டனில் இன்னொரு விதமான மோசடி வெளிப்பட்டது.

ஊபர் கம்பெனிக் கார்களைச் செல்போனில் கூப்பிட்டால், டிரைவரின் போட்டோ திரையில் வரும். ஆனால் சிலர், லைசென்சு பெற்ற வேறொரு டிரைவரின் கணக்கில் தங்கள் போட்டோவை ஒட்டி வைத்தார்கள். பெயர் ஒருவர் பெயர். வந்து நிற்பவர் வேறொருவர்! குறைந்தது 14 ஆயிரம் சவாரிகள் இப்படி நடந்தன என்று லண்டன் போக்குவரத்துக் கழகம் 2019-ம் ஆண்டில் கண்டுபிடித்தது. கம்பெனிக்கு லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. குறைகளைச் சரிசெய்ததாகக் காட்டி, 2020-ம் ஆண்டு செப்டம்பரில் லைசென்சைத் திரும்பப் பெற்றது.

எவ்வளவு பெரிய கம்பெனியானாலும், "நீ தகுதியானவன்தானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிரைவருக்கும் வயிறு உண்டு

பயணியின் பக்கம் மட்டும் பார்த்தால் போதுமா? டிரைவருக்கும் குடும்பம் இருக்கிறது. லைசென்சு போனால் அடுப்பு எரியாது.

ஆகவே சட்டம் அவருக்கும் துணை நிற்கிறது. லைசென்சை மறுத்தாலோ பறித்தாலோ, ஏன் என்று எழுத்து மூலம் சொல்ல வேண்டும். 21 நாட்களுக்குள் அவர் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்காக "இன்றே நிறுத்து" என்று உத்தரவு போட்டால் தவிர, அப்பீல் முடியும் வரை அவர் வண்டி ஓட்டலாம்.

லைசென்சுக் கட்டணத்தில் நகரசபை லாபம் பார்க்கக்கூடாது. செலவுக்கு உரியதை மட்டுமே வாங்கலாம்.

ஊபர் டிரைவர்கள் சிலர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார்கள். அது சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "இவர்கள் தொழிலாளர்களே. குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் இவர்களுக்கு உண்டு" என்று 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பு வந்தது.

நாய்க்குக் கட்டணம் இல்லை

கண் தெரியாதவர்கள் அங்கே பழக்கப்பட்ட நாயின் துணையோடு நடப்பார்கள். "நாயை ஏற்ற மாட்டேன்" என்று டிரைவர் சொல்லக்கூடாது. நாய்க்காக ஒரு காசு கூடுதலாகக் கேட்கக்கூடாது. மீறினால் ஆயிரம் பவுன் வரை அபராதம்! நாய் முடியால் டிரைவரின் உடம்புக்கு ஆகாது என்றால், அதற்கு அத்தாட்சி கொடுத்து முன்கூட்டியே விலக்கு வாங்கியிருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் டிரைவர் உதவ வேண்டும். 2022-ம் ஆண்டுச் சட்டம் இந்தக் கடமைகளை இன்னும் விரிவாக்கியது.

உங்கள் பிள்ளைகள் போனால்...

நம் பிள்ளைகள் பலர் படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்து போகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்:

தெருவில் கை காட்டி ஏறுவதானால் டாக்சியில் மட்டும் ஏறுங்கள்.

மினிகேப் என்றால் முன்கூட்டியே சொல்லி வைத்துத்தான் ஏற வேண்டும். "எங்கே போகணும்? வாங்க" என்று அதுவாக வந்து கூப்பிட்டால் ஏறாதீர்கள். சொல்லி வைக்காத சவாரிக்கு இன்சூரன்சும் கிடைக்காமல் போகலாம்.

ஏறுமுன் கார் நம்பரையும் டிரைவர் முகத்தையும் செல்போனில் வந்ததோடு ஒத்துப்பாருங்கள். "நான் யாருக்காக வந்திருக்கிறேன், சொல்லுங்கள்" என்று டிரைவரையே கேளுங்கள். உங்கள் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள்.

தகராறு வந்தால், லைசென்சுத் தகட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புகார் அந்தச் சபைக்குத்தான் போக வேண்டும்.

தகட்டின் மதிப்பு

காரின் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தத் தகடு சின்னதுதான். அதைத் தயாரிக்க ஆகும் செலவும் சொற்பம்தான். ஆனால் ஒரு தாய் தன் மகளை அந்தக் காரில் ஏற்றிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புவது அந்தத் தகட்டை நம்பித்தான்.

ராதர்ஹாமில் அந்தத் தகடு காரில் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் விழித்திருக்கவில்லை. விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

லைசென்சில் கையெழுத்துப் போடுகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்:

"என் மகள் இந்தக் காரில் தனியாகப் போகலாமா?"